வரவிருக்கும் உயர்தர மேனுவல் ஃபோகஸ் லென்ஸுக்காகக் காத்திருக்கும் முறை

நிக்கான் நிறுவனம் 2018 ஆகஸ்டில் தன் இஸட் வரிசைக் கேமராக்களை அறிமுகப்படுத்தியபோது, 58 மி.மீ. எஃப்/0.95 நாக்ட் என்ற மேனுவல் ஃபோகஸ் (வளையத்தைக் கையால் திருப்பி ஃபோகஸ் செய்யும்) லென்ஸ் ஒன்று உருவாகி வருவதாகவும் அறிவித்தது. அந்த லென்ஸ் விற்பனைக்கு வந்தது 2019 அக்டோபரில். ஸெய்ஸ் நிறுவனம் 2012-இல் கொலோன் நகரத்து ஃபோட்டோகினா கண்காட்சியில் முன்மாதிரியாகக் காட்டிய 55 மி.மீ. எஃப்/1.4 லென்ஸும் ஓட்டஸ் என்ற பெயரைப் பெற்று 2013 அக்டோபரில்தான் வெளிவந்தது. இந்த வகை லென்ஸ்களில் அறிவிப்புக்கும் வருகைக்கும் நடுவே ஓராண்டு கடந்துபோவது வழக்கமாக நடப்பதுதான். அந்தக் காலத்தை வதந்திகளைப் படிப்பதில் கழித்தவர், லென்ஸ் வெளியாகும் நாளில் பிறருடைய உற்சாகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கும். தனக்கு எது தேவை, எந்தத் தகவல் கிடைத்தால் வாங்கலாம், எது தெரிந்தால் விலகிவிடலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பவருக்கோ அன்று சரிபார்க்கும் வேலை மட்டுமே மிஞ்சியிருக்கும். அப்படித் தயாராவதற்கான வழிகளையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் படங்கள்

இப்போது கையில் இருக்கும் லென்ஸ் எந்த இடத்தில் உங்களைக் கைவிடுகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முயலுங்கள். "வெளிர்வானத்தின் முன் நிற்கும் மரக்கிளைகளின் ஓரங்களில் ஊதா படிகிறது" என்று எழுத முடிந்தால், உங்களுக்குத் தேவை அச்சுவழி நிறப்பிறழ்ச்சி, அதாவது வெவ்வேறு நிற ஒளிகள் வெவ்வேறு தளங்களில் குவியும் குறை, நன்றாகத் திருத்தப்பட்ட லென்ஸ். "இரவு வானத்தின் மூலைகளில் விண்மீன்கள் சிறகு விரித்தவைபோல் நீள்கின்றன" என்று எழுதினால், கோமா என்னும் பிறழ்ச்சி அடக்கப்பட்ட லென்ஸை நீங்கள் எதிர்பார்க்க வேண்டும். "கூர்மை போதவில்லை" என்பதற்கு மேல் எழுத வரவில்லை என்றால் இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது. ஏனெனில், கூர்மைக் குறை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி கை நடுக்கத்தாலோ ஃபோகஸ் தவறியதாலோ வருவது. எவ்வளவு உயர்ந்த லென்ஸும் அந்த இரண்டையும் போக்காது.

இதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கேமராவை உறுதியான முக்காலியில் பொருத்தி, நுண்ணிய விவரங்கள் கொண்ட அசையாத பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, திரையில் மிக அதிகமாகப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, டைமரை வைத்து, அப்பர்ச்சரின் முழுத் திறப்பிலும் எஃப்/4-இலும் எஃப்/8-இலும் (எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் திறப்பு பெரிது) படம் எடுங்கள். முழுத் திறப்பில் கிடைத்த இந்தப் படம் நீங்கள் அன்றாடம் கையில் பிடித்து எடுக்கும் படங்களைவிடத் தெளிவாக இருந்தால், குறை உங்கள் லென்ஸில் இல்லை. முக்காலியில் எடுத்தும் முழுத் திறப்பில் மங்கலாகவும் எஃப்/4-இல் தெளிவாகவும் இருந்தால், புதிய லென்ஸ் உங்களுக்கு உண்மையாகவே உதவும். முழுத் திறப்பில் எடுத்ததும் எஃப்/4-இல் எடுத்ததும் ஒன்றுபோல் தோன்றினால், உங்கள் பழைய லென்ஸ் நீங்கள் நினைத்ததைவிட நல்ல லென்ஸ்.

கடந்த ஓராண்டில் நீங்கள் அச்சிட்ட, பிறரிடம் காட்டிய, மனநிறைவு தந்த படங்களை மட்டும் எடுத்து, அவற்றின் குவியத்தூரத்தையும் அப்பர்ச்சரையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்/8-இல் நிலக்காட்சி எடுப்பவர் எஃப்/0.95 லென்ஸுக்காகக் காத்திருப்பது, தாம் எடுக்காத படங்களுக்காகக் கனத்தைச் சுமக்கச் சம்மதிப்பதாகும். நாக்ட் லென்ஸின் எடை ஏறத்தாழ 2 கிலோகிராம். அதே நிலக்காட்சிக் கலைஞருக்கு மூலை வரை ஒரே தரமும், முடிவிலியில் உறுதியாக நிற்கும் வளையமும், எதிர்வெளிச்சத்தில் மாறுபாடு குன்றாமையும் பெரிய உதவி. இந்தப் பண்புகள் பெரும்பாலும் எஃப்/2, எஃப்/2.8 அளவிலான சிறிய லென்ஸ்களில்தான் மிகச் சிறப்பாகக் கிடைக்கின்றன. உயர்தரம் என்ற சொல்லைப் பெரிய திறப்போடு மட்டும் சேர்த்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வருகையின் அறிகுறிகள்

என்ன வரப்போகிறது என்பதற்கான சான்றுகள் எல்லாம் ஒரே எடை உடையவையாக இருப்பதில்லை. லென்ஸ் உருவாகி வருவதாக நிறுவனம் தானே வெளியிடும் அறிவிப்பும், வரும் ஆண்டுகளுக்கான லென்ஸ் அட்டவணையும் முதல் இடத்தில் நிற்பவை. கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படும் முன்மாதிரி அடுத்த இடம் பெறும். யோகோஹாமாவில் 2010 முதல் நடைபெற்று வரும் சிபி பிளஸ் கண்காட்சி ஜப்பானிய நிறுவனங்கள் இவ்வகை முன்மாதிரிகளைக் காட்டும் முக்கிய இடம். 2018-க்குப் பின் ஃபோட்டோகினா நடைபெறாததால் சிபி பிளஸின் முக்கியத்துவம் இன்னும் கூடிவிட்டது. இவற்றுக்குப் பிறகே காப்புரிமை ஆவணங்களைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

காப்புரிமை ஆவணங்களை வாசிக்கத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. அளவுக்கு மீறி நம்புவது தவறு. பொதுவாக ஒரு விண்ணப்பம் தாக்கலாகி 18 மாதங்கள் கழித்தே பொதுப்பார்வைக்கு வருகிறது. எனவே நீங்கள் இன்று பார்க்கும் வரைபடம் ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய சிந்தனை. ஒரே விண்ணப்பத்தில் பல வடிவமைப்புகள் எடுத்துக்காட்டுகளாகத் தரப்படும். அவற்றில் பெரும்பாலானவை தயாரிப்புக்கு வருவதே இல்லை. இருந்தாலும் எண்களில் செய்தி உண்டு. பட உயரம் (படத்தின் நடுவிலிருந்து மூலை வரையிலான தொலைவு) 21.6 மி.மீ. என்று இருந்தால் அது 36×24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சாருக்கான வடிவமைப்பு. கடைசிக் கண்ணாடிக்கும் சென்சாருக்கும் இடையிலான பின்குவியத் தொலைவு மிகக் குறைவாக இருந்தால் அது உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கானது. குவியத்தூரம் 48.5 என்று எழுதியிருந்தால் விற்பனையில் அது 50 மி.மீ. என்று அழைக்கப்படலாம்.

மேனுவல் ஃபோகஸ் லென்ஸை எதிர்பார்ப்பவர் இவற்றைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஃபோகஸ் செய்யும்போது எந்தக் கண்ணாடிகள் நகர்கின்றன என்பதை வரைபடத்தில் அம்புக்குறிகள் காட்டும். நடுவில் இருக்கும் ஒரே ஒரு சிறிய கண்ணாடி மட்டும் நகர்ந்தால், அதை மோட்டாரால் விரைவாக ஓட்டுவதே வடிவமைப்பாளரின் நோக்கம். அது பெரும்பாலும் ஆட்டோஃபோகஸ் லென்ஸாகவே வரும். முழுத் தொகுதியும் ஒன்றாக முன்னே செல்வதோ, கனமான இரண்டு தொகுதிகள் வெவ்வேறு அளவில் நகர்வதோ காட்டப்பட்டிருந்தால், கையால் திருப்பும் வளையத்தை மனத்தில் வைத்து வரையப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். மோட்டாரின் வலிமையைப் பற்றிக் கவலைப்படாமல் கண்ணாடிகளை நகர்த்த முடிவதே மேனுவல் ஃபோகஸ் லென்ஸ் வடிவமைப்பாளருக்குக் கிடைக்கும் பெரிய சுதந்திரம். அந்தச் சுதந்திரம் பயன்படுத்தப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்தால், வரவிருப்பது ஏன் மேனுவல் ஃபோகஸ் லென்ஸாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

நிறுவனங்களின் கடந்தகால நடையும் ஒரு சான்று. கோசினா நிறுவனம் ஃபாய்க்ட்லெண்டர் பெயரில் அப்போ-லாந்தர் 65 மி.மீ. எஃப்/2 மேக்ரோ லென்ஸை 2017-இலும், 50 மி.மீ. எஃப்/2 லென்ஸை 2019-இலும், 35 மி.மீ. எஃப்/2 லென்ஸை 2021-இலும் கொண்டுவந்தது. மூன்றும் முதலில் சோனி இ மவுண்டில் (மவுண்ட் என்பது லென்ஸ் கேமராவோடு பொருந்தும் இணைப்பு) வந்தன. 50 மி.மீ. லென்ஸுக்கும் 35 மி.மீ. லென்ஸுக்கும் லைக்கா எம், நிக்கான் இஸட் மவுண்ட் வடிவங்கள் பின்னாலேயே தொடர்ந்தன. வேறு மவுண்ட் வைத்திருப்பவர் பொறுமையாக இருக்க இந்த வரிசையே போதிய காரணம். மாறாக, ஸெய்ஸ் 2019-இல் ஓட்டஸ் 100 மி.மீ. லென்ஸை வெளியிட்ட பிறகு, மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஓட்டஸ் எம்எல் 50, 85 மி.மீ. லென்ஸ்கள் அறிவிக்கப்பட்டது 2025-இல்தான். நடுவில் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. நிறுவனத்தின் எந்த அறிவிப்பும் இல்லாத லென்ஸ் ஒன்றுக்காக, எடுக்க வேண்டிய படங்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

வதந்தியைப் பற்றி ஒரு சொல் மட்டும். வானொலி அலைகளைப் பயன்படுத்தும் கேமராக்கள் அரசுப் பதிவேடுகளில் முன்னதாகவே தென்பட்டுவிடும். மேனுவல் ஃபோகஸ் லென்ஸில் அத்தகைய கருவி எதுவும் கிடையாது. பதிவேட்டில் பார்த்ததாகச் சொல்லி ஒரு மேனுவல் ஃபோகஸ் லென்ஸின் வருகையை யாரேனும் உறுதிப்படுத்தினால் ஐயப்படலாம்.

விவரத் தாளை வாசித்தல்

அறிவிப்பு வந்ததும் கண்ணில் படும் எண்களில் பல, நீங்கள் எடுக்கப்போகும் படத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எத்தனை கண்ணாடிகள், எத்தனை தொகுதிகள் என்பது அத்தகையது. ஓட்டஸ் 55 மி.மீ. லென்ஸில் 10 தொகுதிகளாக 12 கண்ணாடிகள். நாக்ட் 58 மி.மீ. லென்ஸில் 10 தொகுதிகளாக 17. இந்த எண்ணிக்கையிலிருந்து எடையை ஊகிக்கலாம். தரத்தை ஊகிக்க இயலாது. அப்போ என்ற முன்னொட்டும் அதுபோலவே கவனத்துடன் கொள்ள வேண்டியது. மூன்று அலைநீளங்களை ஒரே தளத்தில் குவிப்பது என்பது அச்சொல்லின் செவ்வியல் பொருள்; ஆனால் புகைப்பட லென்ஸ்களில் எந்த அளவு திருத்தம் இருந்தால் அப்பெயரை இடலாம் என்பதற்குப் பொதுவான கட்டாய வரையறை இல்லை. ஆகவே பெயரை விட்டுவிட்டு மாதிரிப் படங்களைப் பாருங்கள். சாய்வாக வைக்கப்பட்ட அளவுகோலையோ அச்சிட்ட பக்கத்தையோ முழுத் திறப்பில் எடுத்த படம் கிடைத்தால், ஃபோகஸ் தளத்துக்கு முன்னால் இளஞ்சிவப்பும் பின்னால் பச்சையும் படிந்திருக்கின்றனவா என்று தேடுங்கள். இரண்டும் தென்படாவிட்டால் அந்தப் பெயர் பொருத்தமானதே.

எம்டிஎஃப் வரைபடம் இவற்றுள் மிகப் பயனுள்ளது. அதைப் பொறுமையாக வாசிக்க வேண்டும். செங்குத்து அச்சு, பொருளின் மாறுபாட்டில் எவ்வளவு படத்தில் எஞ்சுகிறது என்பதைச் சொல்கிறது. கிடைமட்ட அச்சு, படத்தின் நடுவிலிருந்து மூலை வரையிலான தொலைவைச் சொல்கிறது. ஸெய்ஸ் ஒரு மில்லிமீட்டருக்கு 10, 20, 40 கோட்டு இணைகளுக்கு (ஒரு கருப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஓர் இணை) வரைபடம் தருகிறது. நிக்கானும் கேனானும் சிக்மாவும் 10, 30 இணைகளுக்குத் தருகின்றன. 40-க்கான கோடு 30-க்கான கோட்டைவிடத் தாழ்ந்திருப்பது இயல்பு. அதை வைத்து ஒரு லென்ஸை மற்றொன்றைவிடத் தாழ்ந்தது என்று சொன்னால் தவறாகும். ஸெய்ஸ் உண்மையான லென்ஸ்களில் அளந்து வெளியிடுகிறது. வேறு பல நிறுவனங்கள் கணக்கிட்ட மதிப்புகளைத் தருகின்றன. சிறு திறப்பின் ஓரங்களில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவைக் கணக்கில் சேர்க்காமல் வரையப்பட்ட வரைபடம் உண்மையில் எட்ட முடியாத உயரங்களையும் காட்டும். ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு லென்ஸ்களை, ஒரே முறையில் வரையப்பட்ட இரண்டு வரைபடங்களைக் கொண்டு ஒப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோட்டின் உயரத்தைவிட அதன் வடிவத்தையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். நடுவிலிருந்து மூலைக்கு மெல்லச் சரியும் கோடு, படத்திலும் மெல்லக் குறையும் தரத்தைக் காட்டும். அதைப் பெரும்பாலும் கண் உணர்வதில்லை. இடையில் ஒரு பள்ளம் விழுந்து மூலைக்கருகே மீண்டும் ஏறும் கோடு புல வளைவைக் குறிப்பதாக இருக்கலாம். அதாவது லென்ஸின் ஃபோகஸ் தளம் தட்டையாக இல்லாமல் அலைபோல் வளைந்திருக்கிறது. ஒரு சுவரையோ தொலைதூர ஊரின் கட்டடங்களையோ எடுக்கும்போது அது துன்பம் தரும். ஆர வரிசைக் கோடும் (நடுவிலிருந்து வெளியே செல்லும் விவரங்களுக்கானது) தொடுகோட்டு வரிசைக் கோடும் (அவற்றுக்குக் குறுக்கான விவரங்களுக்கானது) ஒன்றையொன்று விட்டு வெகுதூரம் பிரிந்திருந்தால், ஃபோகஸுக்கு வெளியே உள்ள சிறு விவரங்கள் ஒரு திசையில் இழுபட்டுப் பரபரப்பான பின்னணியைத் தரக்கூடும். இந்த வரைபடம் பெரும்பாலும் முடிவிலித் தொலைவுக்கு மட்டுமே வரையப்படுகிறது. ஒரு மீட்டர் தொலைவில் முகம் எடுப்பவர் அதிலிருந்து பெரிதாக எதையும் அறிய முடியாது.

அப்பர்ச்சர் தகடுகளின் எண்ணிக்கைக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். முழுத் திறப்பிலேயே எடுப்பவருக்குத் தகடுகள் தெரியப்போவதில்லை. திறப்பை ஒன்றிரண்டு ஸ்டாப் குறைத்து எடுப்பவர், எஃப்/2.8-இலும் எஃப்/4-இலும் எடுத்த மாதிரிகளில் ஒளிப்புள்ளிகளின் வடிவத்தைப் பார்த்தால் போதும்.

வளையம்

இந்த லென்ஸ்களை ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களிலிருந்து வேறுபடுத்துவது வளையம்தான் என்பதால், வாங்குவதா வேண்டாமா என்ற முடிவில் பாதியை அதற்குக் கொடுக்க வேண்டும். பல மிரர்லெஸ் லென்ஸ்களில் வளையத்தைத் திருப்பினால் ஒரு மின்குறிப்பு மட்டுமே மோட்டாருக்குச் செல்கிறது. இயந்திரத் திருகுப்புரி கொண்ட லென்ஸில் கையின் அசைவு நேரடியாகக் கண்ணாடியை நகர்த்துகிறது. கேமரா அணைந்திருந்தாலும் வளையம் நிற்கும் இடம் மாறாது. அறிவிப்பில் இயந்திர ஃபோகஸா, மின்வழி ஃபோகஸா என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது திருப்புகோணம். ஓட்டஸ் 55 மி.மீ. லென்ஸில் அது 248 பாகை. நாக்டில் 350 பாகை. இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு உதவும். முழுவதுமாக முன்னே நகரும் எளிய 50 மி.மீ. லென்ஸ் ஒன்று முடிவிலியிலிருந்து அரை மீட்டருக்கு வர ஏறக்குறைய 5.6 மி.மீ. முன்னே செல்ல வேண்டும். முடிவிலியிலிருந்து ஐந்து மீட்டருக்கு வர அரை மில்லிமீட்டரே போதும். அதாவது மொத்தப் பயணத்தில் பதினொன்றில் ஒரு பங்கு மட்டுமே ஐந்து மீட்டருக்கு அப்பாற்பட்ட உலகம் முழுவதற்கும் கிடைக்கிறது. சீரான புரி கொண்ட வளையத்தில் மொத்தத் திருப்புகோணம் 90 பாகையாக இருந்தால் அந்தப் பகுதிக்கு 8 பாகைதான் வரும். 250 பாகையாக இருந்தால் 23 பாகை வரும். பத்து மீட்டர் தொலைவில் நிற்பவரை முழுத் திறப்பில் எடுப்பவருக்கு, படம் கிடைப்பதும் தவறுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. ஆனால் நீண்ட திருப்புகோணம் எல்லாருக்கும் நன்மை என்று கொள்ள வேண்டாம். தெருவில் ஓடியாடும் வாழ்க்கையை எடுப்பவர் அருகிலிருந்து தூரத்துக்கு வர இரண்டு மூன்று முறை கையை மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும். அவருக்கு விரலால் தள்ளும் சிறு நாக்குள்ள, குறைந்த திருப்புகோணமுடைய, லைக்கா எம் மவுண்ட் லென்ஸே உகந்தது.

திருப்பும் திசையையும் கவனியுங்கள். நிக்கானின் பாரம்பரியத் திசை லைக்கா, கேனான் லென்ஸ்களின் திசைக்கு எதிரானது. பல ஆண்டுகள் ஒரு திசையில் பழகிய கை, அவசரத்தில் பழைய திசைக்கே திரும்பும். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். என் கையைப் பழக்கி எடுக்க எனக்கு ஒரு முழுப் பருவம் தேவைப்பட்டது.

மவுண்டும் கேமரா உடலும்

மவுண்டிலிருந்து சென்சார் வரையிலான தொலைவு நிக்கான் இஸட்டில் 16 மி.மீ., சோனி இ-யில் 18 மி.மீ., கேனான் ஆர்எஃப்பிலும் எல் மவுண்டிலும் 20 மி.மீ., லைக்கா எம்-இல் 27.8 மி.மீ. ஆகவே எம் மவுண்ட் லென்ஸை அடாப்டர் மூலம் மற்ற எல்லாவற்றிலும் பொருத்தலாம் என்பது உண்மை. பொருத்தியபின் அதே தரம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. சென்சாரின் மேல் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடி லைக்கா எம் கேமராக்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் உடையது. பல மிரர்லெஸ் கேமராக்களில் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். லென்ஸின் பின்பகுதி சென்சாருக்கு நெருக்கமாக இருக்கும் அகலக்கோண வடிவமைப்புகளில், ஒளி மிகச் சாய்வாக அந்தக் கண்ணாடியைக் கடப்பதால் மூலைகள் இழுபட்டுப் போகின்றன. 35 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்த எம் மவுண்ட் லென்ஸை வேறு உடலில் பயன்படுத்த எண்ணுபவர், அதே உடலில் எடுத்த மாதிரிகளைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. உங்கள் மவுண்டுக்கென்றே தனி வடிவம் வர வாய்ப்பிருந்தால், அதற்காக மேலும் சில மாதங்கள் காத்திருப்பது நல்ல காத்திருப்பு.

மின்தொடர்பு முனைகள் உண்டா என்பதையும் பாருங்கள். அவை இருந்தால் குவியத்தூரமும் அப்பர்ச்சரும் படத்தோடு பதிவாகும். உடலில் உள்ள நடுக்கத் தடுப்பு சரியான அளவில் செயல்படும். பல கேமராக்களில் வளையத்தைத் தொட்டவுடன் திரை தானே பெரிதாகும். முனைகள் இல்லாவிட்டால் லென்ஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் குவியத்தூரத்தை நீங்களே கேமராவில் குறிப்பிட வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் (தனிச் சாளரத்தில் இரு பிம்பங்களைப் பொருத்தி ஃபோகஸ் செய்யும்) கேமராவில் பயன்படுத்துபவருக்கு இன்னொரு குறிப்பு: லைக்காவின் 2021-ஆம் ஆண்டு அப்போ-சம்மிக்ரான் 35 மி.மீ. லென்ஸ் 0.3 மீட்டர் வரை நெருங்கும். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பு 0.7 மீட்டருக்குள் உதவாது. அதற்குள் திரையைப் பார்த்தே ஃபோகஸ் செய்ய வேண்டும்.

லென்ஸ் வருவதற்குள் கையைப் பழக்குதல்

61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரோமீட்டர். பழைய தெளிவு ஆழ (எவ்வளவு தொலைவு வரை தெளிவாகத் தெரியும் என்று சொல்லும்) அட்டவணைகள் 0.03 மி.மீ. மங்கலை ஏற்றுக்கொள்பவை, அது இந்தச் சென்சாரில் எட்டு பிக்சல். 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸில் இரண்டு மீட்டர் தொலைவில் அட்டவணை தரும் தெளிவு ஆழம் சுமார் 4.5 செ.மீ. இரண்டு பிக்சல் மங்கலை மட்டுமே ஏற்பதென்றால் அது ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். மூச்சை இழுத்து விடும்போது உடல் அசையும் அளவே அதைத் தாண்டிவிடக்கூடும். எனவே புதிய லென்ஸின் உயர்வு உங்கள் படத்தில் தெரிய வேண்டுமானால், இந்த ஒரு சென்டிமீட்டருக்குள் ஃபோகஸைக் கொண்டுவரும் கை இப்போதே உருவாக வேண்டும்.

பழகுவதற்கு எந்தப் பழைய மேனுவல் லென்ஸும் போதும். ஃபோகஸ் பீக்கிங் எனப்படும் வண்ணக்கோட்டு உதவியை நம்பாதீர்கள். அது மாறுபாடு அதிகமுள்ள ஓரங்களைக் காட்டுகிறதே தவிர மிகத் தெளிவான தளத்தைக் காட்டுவதில்லை. பெரிய திறப்பில் அந்த வண்ணப் பட்டை உண்மையான தெளிவு ஆழத்தைவிட அகலமாகவே தோன்றும். திரையைப் பெரிதாக்கி, கண்ணின் இமைமுடிகளிலோ எழுத்தின் ஓரத்திலோ வைத்து, தெளிவான இடத்தைச் சற்றே தாண்டிச் சென்று, திரும்பி வந்து, நடுவில் நிறுத்தும் பழக்கமே நம்பத்தக்கது. எந்த அப்பர்ச்சரில் படம் எடுக்கப்போகிறீர்களோ அதே அப்பர்ச்சரில் ஃபோகஸ் செய்யுங்கள். கோளப் பிறழ்ச்சி (லென்ஸின் நடுவிலும் ஓரத்திலும் நுழையும் ஒளி ஒரே இடத்தில் குவியாமை) முழுவதும் திருத்தப்படாத லென்ஸ்களில் அப்பர்ச்சரைக் குறைக்கும்போது ஃபோகஸ் தளம் இடம் மாறும். நாளுக்கு இருபது படங்கள் வீதம் ஒரு மாதம் எடுத்து, எத்தனை தேறின என்று எண்ணிக் குறித்துவாருங்கள். பாதிகூடத் தேறாத நிலை நீடித்தால், எதிர்பார்த்துக் கொண்டிருக்கும் எஃப்/1.2 லென்ஸைவிட எஃப்/2 லென்ஸே உங்களுக்கு அதிகமான நல்ல படங்களைத் தரும்.

கைக்கு வந்தபின்

முதல் நாளே முன்பதிவு செய்தாலும், சில மாதங்கள் கழித்து வாங்கினாலும், திருப்பித் தரும் கால எல்லையைத் தெரிந்துகொண்டு, அதற்குள் லென்ஸைச் சோதித்துவிடுங்கள். ஒருமுறை நான் பயணத்துக்காக வாங்கிய லென்ஸைச் சோதிக்காமலே எடுத்துச் சென்றேன். திரும்பி வந்து படங்களைப் பார்த்தபோதுதான் இடது ஓரம் முழுவதும் மங்கியிருந்தது தெரிந்தது. அதற்குள் கால எல்லை கடந்துவிட்டது. விலை உயர்ந்த லென்ஸிலும் கண்ணாடி ஒன்று மையத்திலிருந்து சிறிது விலகியோ சாய்ந்தோ அமைந்துவிடக்கூடும் என்பதை அன்று கற்றேன்.

செங்கல் சுவரைப் படம் எடுக்கும் சோதனையை நான் பரிந்துரைப்பதில்லை. கேமராவைச் சுவருக்கு முற்றிலும் இணையாக வைப்பது மிகக் கடினம். சற்றுச் சாய்ந்தாலும் அந்தப் பிழை லென்ஸின் பிழைபோல் தோன்றும். அதற்குப் பதிலாக வெகு தொலைவில் உள்ள விவரமான பொருள் ஒன்றை, ஓர் உயர்ந்த கோபுரத்தையோ தொடுவானத்தில் நிற்கும் மரங்களையோ தேர்ந்தெடுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, நடுவில் அந்தப் பொருளைக் கொண்டுவந்து ஃபோகஸ் செய்து, வளையத்தைத் தொடாமல் கேமராவை மட்டும் திருப்பி, அதே பொருள் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக வருமாறு முழுத் திறப்பில் எடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கியிருந்தால் அது வடிவமைப்பின் இயல்பு. ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் தனியே மங்கியிருந்தால் அந்தப் பிரதியை மாற்றிக்கொள்ள வேண்டும். அடாப்டர் பயன்படுத்துபவர், வேறொரு லென்ஸையும் அதே அடாப்டரில் வைத்துப் பார்த்துவிட்டு லென்ஸின் மேல் குற்றம் சொல்லட்டும். அடாப்டரின் இரண்டு முகங்களும் இணையாக இல்லாவிட்டாலும் இதே விளைவு வரும்.

பிறகு வளையத்தை முழுப் பயணமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எங்கும் இறுக்கமோ தளர்வோ தட்டுப்படக் கூடாது. திசை மாற்றும்போது படம் திரையில் பக்கவாட்டில் துள்ளக் கூடாது. கடைசியாக வளையத்தை முடிவிலியின் நிறுத்தத்தில் வைத்து, இரவில் ஒரு விண்மீனைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிறுத்தத்தை எட்டியும் விண்மீன் புள்ளியாகாவிட்டால் லென்ஸ் பழுதுபார்ப்புக்குச் செல்ல வேண்டியது. நிறுத்தத்துக்குச் சற்று முன்பே புள்ளியாகி, கடைசியில் மீண்டும் விரிந்தால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். வெப்பத்தில் உலோகம் விரிவதற்காகச் சில லென்ஸ்கள் முடிவிலியைத் தாண்டியும் திரும்புமாறு திட்டமிட்டே செய்யப்படுகின்றன. அத்தகைய லென்ஸில் தெளிவான இடத்தை வளையத்தில் ஒரு சிறு கோடாகக் குறித்துக்கொண்டால், இருட்டில் அதைத் தேடும் நேரம் மிச்சமாகும்.